3,697 பேர் வாழும் ஊருக்குக் குடிபோவது எப்படி?

ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் பக்கம் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் பெரும்பாலும் பீவர்கிரீக், சென்டர்வில் என்று புறநகர்களில்தான் வீடு தேடுவார்கள். அதில் தப்பில்லை. இந்துக் கோயில் பீவர்கிரீக்கிலேயே இருக்கிறது, நம்ம மளிகைக் கடைகளும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் அவ்வப்போது யாராவது ஒருவர் போன் போட்டு, "யெல்லோ ஸ்பிரிங்ஸ்ல வீடு எடுத்தா எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். ஒரு சனிக்கிழமை சும்மா சுற்றிப் பார்க்க வந்து, மரங்களையும் சின்னச் சின்னக் கடைகளையும் பார்த்து மயங்கிப் போனவர்களாக இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் 'வில்லேஜ்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள்

கிராமம் என்றதும் வயலும் மாடும் மனதில் வரும். ஒஹாயோவில் வில்லேஜ் என்பது ஒரு சட்டப் பிரிவு. மாநில அரசியலமைப்பின்படி 5,000 பேரும் அதற்கு மேலும் இருக்கும் உள்ளாட்சி, நகரம். அதற்குக் கீழே இருந்தால் வில்லேஜ். அவ்வளவுதான் கணக்கு. யெல்லோ ஸ்பிரிங்ஸில் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3,761 பேர், 2010-இல் 3,487, 2020-இல் 3,697. இருபது வருடத்தில் ஒரு திருமண மண்டபம் நிறையும் கூட்டம்கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஆள் குறைவு என்பதால் எல்லாம் எளிமையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஊருக்குச் சொந்தமாக மின்சார வாரியம் உண்டு, குடிநீர் உண்டு, காவல் துறை உண்டு, தனிப் பள்ளி மாவட்டம் உண்டு, மேயரே உட்கார்ந்து சின்ன வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றமும் உண்டு. 1880 முதல் வரும் வாரப் பத்திரிகையும் உண்டு. தீயணைப்பும் ஆம்புலன்சும் மட்டும் மயாமி டவுன்ஷிப்பை (கவுண்டிக்குள் இருக்கும் சிறு உள்ளாட்சிப் பிரிவு) சேர்ந்தவை. இதே பெயரில் ஒஹாயோவில் வேறு டவுன்ஷிப்புகளும் இருப்பதால், இணையத்தில் தேடும்போது 'கிரீன் கவுண்டி' (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) என்று சேர்த்துத் தேடுங்கள். நான் ஒருமுறை தேடாமல் விட்டதில், ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கும் அலுவலகத்துக்கு போன் செய்து, இலைக் குப்பையை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

யார் இருக்கிறார்கள் இங்கே?

வீட்டு வாடகைக்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இந்த ஊர் சுற்றுவட்டாரத்தைப் போன்றது அல்ல. கிரீன் கவுண்டி தேர்தலுக்குத் தேர்தல் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் இடம். நடுவில் யெல்லோ ஸ்பிரிங்ஸ் மட்டும் அழுத்தமான ஜனநாயகக் கட்சி ஊர். காரில் கொஞ்ச நேரம் போனால் சீடர்வில் வரும். அதுவும் வில்லேஜ்தான், அங்கேயும் கல்லூரிதான் ஊரின் நடுநாயகம். ஆனால் அது பழைமைப்பற்றுள்ள கிறிஸ்தவப் பல்கலைக்கழகம், ஊரின் குணமும் அதைப் போலவே. 'மிட்வெஸ்ட் கிராமம்னா இப்படித்தான்' என்று யாராவது அடித்துப் பேசினால், இரண்டு ஊரிலும் ஒவ்வொரு காபி குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

வயதைப் பார்த்தால் மூத்தவர்களின் ஊர். இடைநிலை வயது (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) ஐம்பதை ஒட்டியது. நாடு முழுமைக்கும் அது நாற்பதுக்குள். பணி ஓய்வு பெற்ற பேராசிரியர்கள், ஓவியர்கள், மட்பாண்டம் செய்பவர்கள், ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். வெள்ளையர்கள் பெரும்பான்மை. ஆசியர்கள் நூற்றுக்கு ஓரிருவர் என்பதால், உங்கள் பிள்ளை வகுப்பில் ஒரே தமிழ்ப் பிள்ளையாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்பின மக்களின் கதைதான் இந்த ஊரின் முதுகெலும்பு. 1862-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மான்கியூர் கான்வே என்ற போதகர் வர்ஜீனியாவில் தன் தந்தையின் அடிமைகளாக இருந்த சுமார் முப்பது பேரை இங்கே கொண்டுவந்து குடியேற்றினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1850-இல் நிறுவப்பட்ட இவ்வூர் ஆன்டியாக் கல்லூரி பெண்களையும் ஆண்களையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்திருந்தது. பக்கத்திலேயே 1856-இல் தொடங்கிய வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம், கறுப்பினத்தவரின் பழம்பெரும் கல்வி நிலையங்களில் ஒன்று.

ஊருக்கு வருபவர் யாராக இருந்தாலும் வீலிங் கான்ட்டின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். 900 டாலர் கொடுத்துத் தன்னைத்தானே விலைக்கு வாங்கிக்கொண்டார், பிறகு மனைவியையும் மீட்டார். இங்கே வந்து சொத்து சேர்த்தவர், 1894-இல் ஒன்பது ஏக்கர் நிலத்தை ஊருக்கு எழுதிவைத்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்த நிலத்தின் வருமானத்தில் வருடந்தோறும் ஏழை விதவைகளுக்கு மாவு வாங்கித் தர வேண்டும். அந்த நிலம் இப்போது கான்ட் பூங்கா. நீச்சல் குளமும் விளையாட்டு மைதானமும் அங்கேதான். மாவு இன்னும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஊர் ஊழியர்கள் மாவுப் பையும், பின்னாளில் சேர்த்துக்கொண்ட சர்க்கரைப் பையுமாக வீடு வீடாகப் போவார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாவில் ரொட்டி சுடும் வழக்கமே கிடையாது. ஆனாலும் அந்தப் பை வந்தால்தான் அவருக்கு டிசம்பர்.

இதைக் கேட்டு, 'ஆகா, எவ்வளவு நல்ல ஊர்' என்று உருகிவிடாதீர்கள். 1945-இல் ஆன்டியாக்கில் சேர்ந்த கோரெட்டா ஸ்காட் (பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி) ஆசிரியர் பயிற்சிக்காக ஊர்ப் பள்ளிக்குப் போக விரும்பியபோது, அவர் கறுப்பினப் பெண் என்பதால் இடம் தரவில்லை. 1964 மார்ச்சில், கறுப்பினத்தவருக்கு முடிவெட்ட மாட்டேன் என்ற ஒரு சலூன் கடையின் முன் மாணவர்களும் ஊர்க்காரர்களும் திரண்டார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது, நூறு பேருக்கு மேல் கைது. கடைக்காரர் கடைசிவரை மசியவில்லை, கடையை மூடிவிட்டார். மறு வருடம் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவுக்குப் பேச வந்தவர் மார்ட்டின் லூதர் கிங். ஊர்க்காரர்கள் இந்த இரண்டு பக்கத்தையும் ஒளிக்காமல் பேசுவார்கள். முந்தைய தலைமுறைகளில் இருந்ததைவிடக் கறுப்பின மக்களின் பங்கு இப்போது குறைந்துவிட்டது என்பதையும் வருத்தத்தோடு சொல்வார்கள். ஏறிப்போன வீட்டு விலை அதற்கு முக்கியக் காரணம்.

வீடு தேடும் படலம்

உண்மையான சிரமம் இங்கேதான். சின்ன ஊர், விரும்பி வருபவர்கள் அதிகம், புதிதாகக் கட்டுவது குறைவு. 2022 பிப்ரவரியில் தென்புறத்தில் ஒரு பெரிய குடியிருப்புத் திட்டம் ஊர் மன்றத்தில் ஓட்டெடுப்புக்கு வந்தது. தனி வீடுகளோடு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும், குறைந்த விலை வீடுகளுக்கென்று கொஞ்சம் நிலமும் அதில் அடக்கம். எதிர்த்துப் பேசியவர்களில் இவ்வூர்வாசியான நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பலும் ஒருவர். இரண்டுக்கு இரண்டு ஓட்டு விழுந்து திட்டம் தோற்றது. நிலம் என்னவோ ஏற்கெனவே இருந்த அனுமதியின்படி தனி வீடுகளுக்குப் போனது, குறைந்த விலை வீடுகள்தான் இல்லாமல் போயின. யார் சரி என்று இன்றும் சண்டை போடுவார்கள். புதிதாக வருகிறவர் அதில் தலையைக் கொடுக்காமல் இருப்பது உத்தமம்.

வாடகை வீடுகளில் பாதி இணையதளங்களுக்கே வராது. வாரப் பத்திரிகையின் வரி விளம்பரங்கள், காபிக் கடை அறிவிப்புப் பலகை, அப்புறம் வாய்வார்த்தை. இவைதான் வழி. முதலில் ஃபேர்பார்னிலோ பீவர்கிரீக்கிலோ ஆறு மாதம் வாடகைக்கு இருந்துகொண்டு, வார நாட்களில் இங்கே வந்து பழகி, அப்புறம் வீடு பிடித்தவர்கள்தான் பெரும்பாலும் நிலைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை பார்க்கிற ஊர் சுற்றுலாப் பயணிகளின் ஊர். பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணிக்கு வந்து பாருங்கள். அந்த ஊரில் இருக்க முடியும் என்று தோன்றினால் முன்பணம் கொடுங்கள்.

வாங்குவதாக இருந்தால் மூன்று சோதனை. வீடு 1978-க்கு முன் கட்டியதா, அப்படியானால் பெயிண்டில் ஈயம் இருக்கிறதா பார்க்க வேண்டும், சின்னக் குழந்தை இருந்தால் கட்டாயம். இரண்டாவது, அடித்தளத்தில் (தரைக்குக் கீழே இருக்கும் அறை) ரேடான் அளவு, அதாவது மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு. ஒஹாயோ மண்ணில் இது சாதாரணமாக வரும் தொல்லை, லிட்டருக்கு நாலு பிக்கோகியூரி என்ற அளவைத் தாண்டினால் விசிறிக் குழாய் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாவது, அடித்தளச் சுவரின் அடியில் வெள்ளைப் பூச்சு போல உப்புப் பூத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் மழைக்குத் தண்ணீர் வரும். புது பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

முதல் முப்பது நாள்

மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் ஊர் நிர்வாகமே தருவதால் ஒரே பில். டேட்டன் தெருவில் இருக்கும் பிரையன் சமுதாயக் கூடத்தில்தான் அலுவலகம். அதே கட்டடத்தில் போலீசும் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எரிவாயு மட்டும் தனியார்.

வெளிமாநிலத்திலிருந்து வந்திருந்தால் முப்பது நாளுக்குள் ஓட்டுநர் உரிமத்தையும் வண்டிப் பதிவையும் மாற்றிவிட வேண்டும். ஊரில் அதற்கு அலுவலகம் இல்லை, ஸீனியாவுக்கோ ஃபேர்பார்னுக்கோ போக வேண்டும். இந்திய, இலங்கை உரிமம் மட்டுமே வைத்திருப்பவர்கள் எழுத்துத் தேர்வும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வும் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டு, ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு), விசா ஒப்புதல் தாள், முகவரிக்கு ஆதாரமாக இரண்டு கடிதம், எல்லாம் அசலாக. 2020 ஜூலையிலிருந்து வண்டிக்கு முன்பக்க எண் பலகை தேவையில்லை.

அங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். உரிமம் வாங்கும்போதே, வாக்காளராகப் பதிந்துகொள்கிறீர்களா என்று கேட்கக்கூடும். குடியுரிமை இல்லாதவர்கள் தெளிவாக "இல்லை" என்று சொல்ல வேண்டும். கேள்வி புரியாமல் தலையாட்டிவிட்டால் பச்சை அட்டை, குடியுரிமை வரும் நேரத்தில் அது பெரிய வில்லங்கமாக வந்து நிற்கும்.

கார் இல்லாமல் இருக்க முடியுமா? ஊருக்குள் முடியும், அரை மணி நேரத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துவிடலாம். நடுவில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது, கோடையில் சனிக்கிழமை காலை உழவர் சந்தை. ஆனால் மருத்துவமனை, கொத்தமல்லிக் கட்டு, இட்லி அரிசி எல்லாவற்றுக்கும் வெளியே போக வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் வரும் கவுண்டி வேன் சேவை ஒன்று உண்டு, கிரீன் கேட்ஸ் என்று பெயர். அவசரத்துக்கு உதவாது. சைக்கிளுக்கு மட்டும் சொர்க்கம். பழைய ரயில் பாதையைத் தார் போட்டுப் பாதையாக்கியிருக்கிறார்கள். லிட்டில் மயாமி பாதை ஊரின் நடுவே போகிறது. தெற்கே அப்படியே மிதித்தால் சின்சினாட்டி ஓரம் வரை நூறு கிலோமீட்டர் போகலாம்.

நான் தடுக்கி விழுந்த இடம்: வரி

ஒஹாயோவில் மத்திய, மாநில வரிகளோடு ஊர் வருமான வரி என்று ஒன்று உண்டு. பல இடங்களில் பள்ளி மாவட்ட வருமான வரியும் சேரும். என் அலுவலகம் ஒரு டவுன்ஷிப் எல்லைக்குள் இருந்தது, டவுன்ஷிப்புகளுக்கு இப்படி வரி போட அதிகாரம் கிடையாது. அதனால் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்கவில்லை. நானும் ஏப்ரலில் மத்திய, மாநிலக் கணக்குகளைத் தாக்கல் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அடுத்த கோடையில் கடிதம் வந்தது, வரியோடு அபராதமும் வட்டியும். சம்பளப் பிரிவில் கேட்டேன். "நீங்க எந்த ஊர்ல குடியிருக்கீங்கன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்கள். சொன்னதை யாரும் கணினியில் ஏற்றவில்லை என்பது வேறு கதை.

ஆகவே, வேலையில் சேர்ந்த வாரமே குடியிருக்கும் ஊரின் பெயரையும் பள்ளி மாவட்டத்தையும் எழுத்தில் கொடுங்கள். முதல் சம்பளச் சீட்டில் அந்த வரிகள் தெரிகின்றனவா பாருங்கள். வேலை செய்யும் நகரம் ஏற்கெனவே பிடித்திருந்தால், அதை எவ்வளவு கழித்துக்கொள்வார்கள் என்பதை ஊர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் பாக்கி இல்லாவிட்டாலும் ஊர்க் கணக்கைத் தாக்கல் செய்துவிடுவது பாதுகாப்பு.

வானமும் காடும்

பனியைப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். வீட்டு முன்னால் இருக்கும் நடைபாதையை வழிப்பது குடியிருப்பவர் வேலை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மூத்தவர்கள் நிறைந்த ஊர். வழிக்காத பனியில் யாராவது வழுக்கி விழுந்தால் ஊரே உங்கள் பெயரைச் சொல்லும்.

பயப்பட வேண்டியது சூறாவளிக்கு. பத்து மைல் தெற்கே இருக்கும் ஸீனியாவை 1974 ஏப்ரல் 3-ஆம் தேதி ஒரு டொர்னேடோ துடைத்துப் போட்டது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 மே 27 இரவு பீவர்கிரீக்கும் டேட்டனும் அடிபட்டன. சோதனைக்காக அபாயச் சங்கு ஊதும் நாளும் நேரமும் என்ன என்று பக்கத்து வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் ஊதினால் போனை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கிவிட வேண்டியதுதான். வாசலில் நின்று வீடியோ எடுக்கும் ஊர்க்காரரைப் பார்த்து நீங்களும் நிற்காதீர்கள். செருப்பையும் கையோடு கொண்டு போங்கள், ஏறி வரும்போது தரையெல்லாம் கண்ணாடிச் சில்லாக இருக்கலாம்.

ஊருக்குப் பெயர் தந்த ஊற்று கிளென் ஹெலன் காட்டுக்குள் இருக்கிறது. தண்ணீரில் இரும்பு அதிகம் என்பதால் பாறை முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாகப் படிந்திருக்கும். ஹியூ டெய்லர் பர்ச் என்ற பழைய மாணவர் இறந்துபோன தன் மகள் ஹெலனின் நினைவாக 1929-இல் கல்லூரிக்குக் கொடுத்த காடு இது. கல்லூரி 2008-இல் மூடி, 2011-இல் மறுபடி திறந்தது. 2020-இல் காட்டைத் தன்னார்வச் சங்கம் ஒன்று வாங்கிக்கொண்டது. பாதையை விட்டு இறங்காதீர்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவி செடி பட்டால் இரண்டு வாரம் சொறிந்துகொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி ஏறியிருக்கிறதா பாருங்கள்.

பழகும் முறை

பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், எண்பது வயதுக்காரரையும். நமக்கு வாயில் வராது, பழகிவிடும். தெருவில் எதிரே வருபவருக்குத் தலையசைக்காமல் போனால் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். ஆகஸ்டில் வாசலில் ஒரு பை நிறையச் சுரைக்காய் போன்ற சுக்கினி இருந்தால் பயப்படாதீர்கள், யார் தோட்டத்திலோ அதிகம் காய்த்திருக்கிறது. கூட்டாகச் சோறு எடுத்துப் போகும் விருந்துக்கு எலுமிச்சை சாதம் எடுத்துப் போங்கள். அது ஆறினாலும் நன்றாக இருக்கும், காரமும் இல்லை, பால், நெய்கூடத் தொடாத நனிசைவர்களும் சாப்பிடலாம் (இங்கே நிறையப் பேர்). என்ன போட்டிருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதிப் பக்கத்தில் வையுங்கள், முக்கியமாக நிலக்கடலை இருந்தால்.

ஜூனில் ஒரு சனிக்கிழமையும் அக்டோபரில் ஒரு சனிக்கிழமையும் தெருச் சந்தை. ஊரின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டம் வரும். அன்று காரை எடுக்க நினைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பள்ளி சின்னது. தேர்வு மதிப்பெண்ணைவிடச் செய்முறைத் திட்டங்களுக்கு எடை அதிகம். பதினோராம் வகுப்பில் பத்து விதமான கணிதப் பாடம் வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோருக்கு இது ஒத்துவராது என்பது என் எண்ணம். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

மன்றக் கூட்டத்துக்கு ஒருமுறை போங்கள்

ஐந்து உறுப்பினர் மன்றம், அவர்கள் நியமிக்கும் மேலாளர். அதே பிரையன் கூடத்தின் மாடியில் மாலையில் கூடுவார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். 2019 நவம்பரில் இந்த ஊர் மக்கள், குடியுரிமை இல்லாத உள்ளூர்வாசிகளும் ஊர்த் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று வாக்களித்தார்கள். நம்மைப் போல விசாவில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான். மாநிலத் தேர்தல் அதிகாரி அதை நடைமுறைக்கு வர விடவில்லை. 2022 நவம்பரில் ஒஹாயோ முழுவதும் வாக்கெடுப்பு நடத்தி, அரசியலமைப்பிலேயே தடை எழுதிவிட்டார்கள்.

ஓட்டுத்தான் கிடையாது, பேச யாரும் தடை போடவில்லை. பொதுமக்கள் பேசும் நேரம் வரும்போது எழுந்து, பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுங்கள். நேரம் சில நிமிடம்தான். நான் முதன்முறை பேசியது எங்கள் தெரு முனையில் எரியாத விளக்கைப் பற்றி. கை நடுங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பி, "எந்த முனை, மரப்பெட்டி வீட்டுப் பக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கு எரிய மூன்று வாரம் ஆனது. அந்த அம்மா மறுநாளே சுக்கினி கொண்டுவந்தார்.